50-ஐத் தாண்டினால் காருக்குள் ‘ஙொய்ய்ங்’ என்று சத்தம்: கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறார்கள், இறக்கலாமா?

வாய்க்கால்மேடு (கோபி):

வணக்கமுங்க. கோபியிலிருந்து குன்னத்தூர், பெருமாநல்லூர் வழியாகத் திருப்பூருக்குத் தினமும் காரில் போய் வருகிறேன். டீசல் வண்டி, 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக ஒரு சத்தம். 50-ஐத் தாண்டியதும் ஆரம்பிக்கிறது. தூரத்தில் அரிசி மில் ஓடினால் கேட்குமே, அப்படி ஒரே சீராக ‘ஙொய்ய்ங்’ என்று. 80-ல் போனால் பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது. முதலில் கவனித்தது என் மனைவிதான். “காலடியில் குறுகுறுன்னு இருக்குதுங்க” என்று தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போதே சொன்னாள். நான் ரோடு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். டயர் சத்தம் என்றார்கள். முன்பக்கம் இரண்டு டயரும் புதிதாகப் போட்டு, அலைன்மெண்ட், பேலன்சிங் எல்லாம் சேர்த்து 9,800 ரூபாய் ஆனது. சத்தம் துளியும் குறையவில்லை. மறுபடி போனால் கியர்பாக்ஸ் பேரிங் போயிருக்கும், இறக்கிப் பார்க்க வேண்டும், 28,000 ஆகும் என்கிறார்கள். “இருக்கும்” என்ற சொல்லுக்கு 28,000 கொடுக்க மனசு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்லடம் தறிக்காரன்:

இன்னும் எதையும் கழற்றாதீர்கள். முதலில் சத்தம் எதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். 70-ல் நாலாவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் ஓட்டிப் பாருங்கள். வேகம் ஒன்றுதான், இன்ஜின் சுற்று மட்டும் மாறும். சத்தம் மாறுகிறதா? ஆக்சிலரேட்டரை விட்டால் குறைகிறதா? பிரேக்கை லேசாகத் தொட்டால்? புது ரோட்டிலிருந்து சொரசொரப்பான ரோட்டுக்கு இறங்கினால்? ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் திருப்பினால்? ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் மாறியது என்று தெரியாது. தறியில் சத்தம் வந்தால் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம்.

காத்தாடி (உடுமலை):

எனக்கு இதே மாதிரி ஒன்று வந்தது, அது காற்று. எங்கள் பக்கம் ஆனி, ஆடி வந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று காரையே தள்ளும். சுற்றிலும் காற்றாலைகள் நிற்பது அதனால்தானே. இடது கதவு ரப்பர் ஓரத்தில் உரிந்திருந்தது, அதற்குள் காற்று புகுந்து ஊதிக்கொண்டிருந்தது. உடுமலையிலிருந்து பல்லடம் போகும்போது ஒரு மாதிரி, திரும்பும்போது வேறு மாதிரி. அதை வைத்துத்தான் பிடித்தேன். ஐம்பது ரூபாய்க்குக் காகித டேப் வாங்கிக் கதவு இடுக்கு, கண்ணாடி ஓரம் எல்லாம் ஒட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள். காற்றாக இருந்தால் அப்போதே அடங்கிவிடும்.

வாய்க்கால்மேடு (கோபி):

நன்றிங்க. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே கிளம்பி, பெருமாநல்லூரிலிருந்து அவிநாசி வரைக்கும் நான்கு தடவை போய் வந்தேன். நோட்டில் எழுதியதை அப்படியே சொல்கிறேன்.

கதவு இடுக்கில் டேப் ஒட்டினேன், மாற்றம் இல்லை. போகும்போதும் வரும்போதும் ஒரே சத்தம். நாலாவது கியர், ஐந்தாவது கியர் இரண்டிலும் 70-ல் அதே சத்தம். இன்ஜின் சத்தம் மட்டும் தனியாக ஏறியது. நேர் ரோட்டில் முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடத்தில் நியூட்ரலுக்குத் தள்ளினேன். இன்ஜின் அடங்கியது, ஙொய்ய்ங் அடங்கவில்லை, இன்னும் தெளிவாகவே கேட்டது. வேகம் 40-க்கு இறங்கியதும் மறைந்துவிட்டது. பிரேக் தொட்டாலும் மாறவில்லை. ரோடு மாறினால் டயர் இரைச்சல்தான் கூடிக் குறைகிறது, இது அதற்கு அடியில் அப்படியே இருக்கிறது.

ஒன்றே ஒன்று மாறியது. நீளமான வலது வளைவில் சத்தம் ஒரு படி ஏறுகிறது. இடது வளைவில் கிட்டத்தட்ட காணாமல் போகிறது.

லேத் பட்டறை (சூலூர்):

தம்பி, கடைசி இரண்டு வரியில் எழுதியதை முதலிலேயே கவனித்திருந்தால் அந்த டயர் பணம் மிஞ்சியிருக்கும். பரவாயில்லை, டயர் வீணாகப் போகாது.

நான் மெக்கானிக் இல்லை. மோட்டார், பம்ப் வேலை முப்பது வருஷமாகச் செய்கிறேன். ஆனால் பேரிங் எங்கே இருந்தாலும் பேரிங்தான்: உள் வளையம், வெளி வளையம், நடுவில் உருளும் பந்துகள். சின்ன வயதில் அப்பா கிணற்று மோட்டார் பக்கத்தில் உட்கார வைத்து, நீளத் திருப்புளியின் முனையைப் பேரிங் இருக்கும் மூடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் வைக்கச் சொல்வார். நல்ல பேரிங் ‘ஸ்ஸ்’ என்று இருக்கும். பந்து ஓடும் பாதையில் ஊசிமுனை அளவு செதில் பெயர்ந்திருந்தாலும் போதும், உள்ளே யாரோ அரைப்பது மாதிரி கேட்கும். ஒவ்வொரு பந்தும் அந்தப் பள்ளத்தில் விழுந்து ஏறும்போது ஒரு தட்டு. வேகமாகச் சுற்றினால் அந்தத் தட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே இழுப்பாகிவிடும். நீங்கள் ஙொய்ய்ங் என்று எழுதியது அதுதான். வேகத்தோடு ஏறுகிறது, இன்ஜினைக் கண்டுகொள்ளவில்லை என்றால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று.

இப்போது வளைவு. வலது பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் இடது பக்கச் சக்கரங்களில் சாயும். பாரம் ஏறினால் கெட்ட பேரிங் அதிகமாகக் கத்தும், பாரம் இறங்கினால் அடங்கும். உங்களுக்கு வலது வளைவில் ஏறுகிறது. என் சந்தேகம் இடது சக்கரம். முன்னாலா பின்னாலா என்று இன்னும் சொல்ல முடியாது.

ஆழியாறு (பொள்ளாச்சி):

அண்ணன் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் ஒரு இடத்தில் நிறுத்த வேண்டும். நியூட்ரலில் சத்தம் மாறவில்லை என்பதால் கியர்பாக்ஸ் முழுக்க நல்லது என்று ஆகாது. முன்சக்கர இழுவை வண்டியில் டிஃபரன்ஷியல் (வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதி) கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. நியூட்ரலில் போட்டாலும் சக்கரத்தோடு ஆக்சில் சுற்றும், ஆக்சிலோடு டிஃபரன்ஷியலும் அதன் பேரிங்கும் சுற்றும். நியூட்ரல் சோதனையில் சந்தேகத்திலிருந்து தப்பிப்பது இன்ஜினும் கிளட்சும், இன்ஜின் சுற்றைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் படிக்கும் எல்லோருக்கும். நியூட்ரல் சோதனை சமதளத்தில், நேர் ரோட்டில், யாரும் இல்லாதபோது மட்டும். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துப் பார்க்கவே கூடாது. பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் இறுகிவிடும். நான் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவில் டாக்ஸி ஓட்டுகிறேன். இறக்கத்தில் நியூட்ரலில் வந்து பிரேக் காய்ந்து, புகையோடு ஓரத்தில் நிற்கும் வண்டியை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். திம்பம் இறங்குபவர்களுக்கும் இதேதான். மலையில் சத்தம் தேடாதீர்கள்.

லேத் பட்டறை (சூலூர்):

பொள்ளாச்சித் தம்பி சொன்னது சரி, டிஃபரன்ஷியலை நான் விட்டுவிட்டேன். அப்படியானால் இன்னொன்று பார்க்கலாம். கியர் பல்லோ டிஃபரன்ஷியலோ என்றால் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஒரு குரல், காலை எடுத்து வண்டி இன்ஜினை இழுக்கும்போது வேறு குரல் வரும், பல்லின் மறுபக்கம் பாரம் மாறுவதால். கோபித் தம்பி, உங்களுக்கு மாறியதா?

வாய்க்கால்மேடு (கோபி):

மாறவில்லைங்க அண்ணா. கியரிலேயே காலை எடுத்துப் பார்த்தேன், அதே குரல்.

பல்லடம் தறிக்காரன்:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் அண்ணன் வண்டியில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகக் கிளம்பும்போது மட்டும் டக் டக் டக் என்று அடிக்கிறது. நேராகப் போனால் ஒன்றுமே இல்லை. அதுவும் பேரிங்கா?

ஆழியாறு (பொள்ளாச்சி):

அது பேரிங் இல்லைங்க, வெளிப்பக்க சிவி ஜாயிண்ட், ஆக்சில் சக்கரத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் மூட்டு. சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து அதை மூடியிருக்கும் கறுப்பு ரப்பர் உறையைப் பாருங்கள். மடிப்பில் கிழிந்து, சுற்றிலும் கிரீஸ் தெறித்திருக்கும். கிழிந்த உடனே பார்த்திருந்தால் உறையும் கிரீஸும் மாற்றினாலே போதும். டக் டக் கேட்க ஆரம்பித்த பிறகு மணல் உள்ளே போய் ஜாயிண்ட் தேய்ந்திருக்கும். சீக்கிரம் காட்டச் சொல்லுங்கள்.

மஞ்சக்காட்டு அம்மணி (ஈரோடு):

கோபி அண்ணா, நான் போன வருஷம் இதே வலியைப் பட்டவள். எனக்கு முன்னாலிருந்து வருகிற மாதிரியே கேட்டது, கடைசியில் பின் வலது சக்கரம். சத்தம் தகடு வழியாக ஓடி எங்கோ போய் வெளியே வரும். அதனால் ஓட்டுகிறவர் காதை மட்டும் நம்பாதீர்கள். வேறு ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் இடம் மாறி மாறி உட்காருங்கள். முன் இடது, பின் இடது, பின் வலது. காதைவிடக் காலையும் உள்ளங்கையையும் கவனியுங்கள், பாதத்தைத் தரையில் பதித்து வைத்தால் அதிர்வு எந்தப் பக்கம் என்று தெரியும்.

உங்களுக்கு இது இல்லை, ஆனாலும் வேறு யாருக்காவது உதவும். ஜல்லி கொட்டிய ரோட்டில் போய் வந்த அன்றைக்குத் திடீரென்று ‘கிரீச்’ என்று தகரத்தில் ஆணி கீறுகிற சத்தம் வந்தால் பயப்படாதீர்கள். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தூசித் தகட்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கல் மாட்டியிருக்கும். கொஞ்ச தூரம் பின்னால் எடுத்து முன்னால் போனால் பெரும்பாலும் விழுந்துவிடும். எனக்குப் பெருந்துறை பக்கம் ஒரு தடவை அப்படி ஆகி, நடு ரோட்டில் நின்று அழாத குறை.

லேத் பட்டறை (சூலூர்):

அம்மணி சொன்னதைச் செய்துவிட்டு ஜாக்கியில் ஏற்றிப் பாருங்கள் தம்பி. கெட்டித் தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குப் பக்கத்தில் கை நீட்டக் கூடாது. அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகுதான். நியூட்ரலில் போட்டுச் சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் கடைசிக் கட்டம், அந்த வண்டியை ஓட்டவே வேண்டாம். ஆட்டம் இல்லை என்றால் நல்லது என்று முடிவு செய்துவிடாதீர்கள். சத்தம் முதலில் வரும், ஆட்டம் ரொம்பப் பின்னால்தான் வரும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், ஒர்க்‌ஷாப்பிலும் “ஆட்டம் இல்லைங்க, பேரிங் நல்லா இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

கையால் சுற்றினால் காதுக்கு ஒன்றும் கேட்காது. பிரேக் பேடு உரசும் ‘ஷ்ஷ்’ மட்டும் கேட்கும். அதனால் ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையால் சஸ்பென்ஷன் சுருள் ஸ்பிரிங்கைப் பிடியுங்கள், விரல் நடுவில் சிக்காதபடி வெளிப்பக்கமாக. நான் சொன்ன திருப்புளி வேலையை அந்த ஸ்பிரிங் செய்யும். இரண்டு பக்கமும் பார்த்து ஒப்பிடுங்கள்.

வாய்க்கால்மேடு (கோபி):

அண்ணா, பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

நேற்று என் மனைவி ஓட்டினாள், நான் பயணியாக உட்கார்ந்தேன். முன் இடது இருக்கையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தால், அவள் இரண்டு மாதம் முன்னால் சொன்ன குறுகுறு அப்படியே பாதத்தில் ஏறியது. ஓட்டும் இடத்தில் இது தெரியவே இல்லை. பின்னால் போய் உட்கார்ந்தேன், குறைவு. நான் தினமும் உட்காரும் இடத்தில் மட்டும் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இன்று காலை களத்தில் நிறுத்தி ஜாக்கி, ஸ்டாண்டு எல்லாம் வைத்துப் பார்த்தேன். ஆட்டம் இரண்டு பக்கமும் இல்லை. வலது ஸ்பிரிங்கைப் பிடித்துச் சுற்றினேன், வழுவழுவென்று ஒன்றுமே தெரியவில்லை. இடது ஸ்பிரிங்கைப் பிடித்தால் ஈர மணலை அம்மியில் அரைக்கிற மாதிரி விரல் நுனியில் வருகிறது. மனைவியையும் பிடிக்கச் சொன்னேன். “இதேதானுங்க” என்றாள். பின் சக்கரம் இரண்டும் சுத்தம்.

லேத் பட்டறை (சூலூர்):

அம்மியில் ஈர மணல் என்றால் அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. முன் இடது. மாற்றும்வரை தூரப் பயணம் வேண்டாம், வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாற்றுவது எப்படி என்பதில்தான் என் கவலை. உங்கள் வண்டிக்கு நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும் உலோகக் கூடு) அழுத்தி ஏற்றும் பேரிங்காக இருந்தால், பிரஸ் என்கிற அழுத்தும் இயந்திரம் இருக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றுபவரிடம் கொடுக்காதீர்கள். நக்கிளுக்குள் அழுத்தும்போது பலம் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் அந்த பலம் முழுக்கப் பந்துகள் வழியாகப் போய்ப் பாதையில் பள்ளம் போட்டுவிடும். புதுப் பேரிங் அன்றைக்கே பழையதாகிவிடும், நாலு மாதத்தில் மறுபடி கத்தும். ஆட்கள் கம்பெனியைத் திட்டுவார்கள். பிறகு சக்கரம் மாட்டும் ஹப்பைப் பேரிங்குக்குள் ஏற்றும்போது உள் வளையத்துக்கு அடியில் தாங்கு கொடுக்க வேண்டும். எங்கள் பட்டறையில் இதற்கென்றே வளையம் கடைந்து வைத்திருக்கிறோம்.

ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) இருக்கும் வண்டியில் சில பேரிங்கின் ஒரு பக்க சீலில், அதாவது தண்ணீர், தூசி போகாமல் மூடும் வளையத்தில், காந்த வளையம் இருக்கும், அந்தப் பக்கம் சக்கர வேகத்தைப் பார்க்கும் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரியும், மறுபடி கழற்றினால் அந்தப் பேரிங்கும் போச்சு. ஆக்சில் நட்டை அளவுக்கு டைட் செய்வதற்கு முன்னால் வண்டியின் பாரத்தைச் சக்கரத்தில் இறக்கக் கூடாது. முடுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வைத்துத்தான் முடுக்க வேண்டும், கை பலத்தில் ஒரு குத்துமதிப்பாக இல்லை. இதையெல்லாம் பக்கத்தில் நின்று பாருங்கள். நிற்கவிடாத இடத்தில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பல்லடம் தறிக்காரன்:

இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிடலாமே? எப்படியும் 1,12,000 ஓடிவிட்டது.

ஆழியாறு (பொள்ளாச்சி):

வேண்டாம் என்பது என் கருத்து. பிரேக் பேடு மாதிரி ஜோடியாக மாற்ற வேண்டிய பொருள் இல்லை இது. நல்லதாக ஓடுகிற பேரிங்கை எதற்குக் கழற்ற வேண்டும்? என் டாக்ஸியில் ஒரு பக்கம் மாற்றி 70,000 கிலோமீட்டர் ஆயிற்று, மறுபக்கம் இன்னும் வந்தபோது போட்டதுதான்.

வாய்க்கால்மேடு (கோபி):

முடிந்ததுங்க. இந்தத் தடவை வேறு ஒர்க்‌ஷாப், பிரஸ் இருக்கிற இடம். பேரிங் 1,900, கழற்றி மாட்டும் கூலியும் பிரஸ்ஸும் சேர்த்து 1,400, மொத்தம் 3,300. வலது பக்கத்தைத் தொடவில்லை. மெக்கானிக் தம்பியிடம் அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டினேன். வெளி வளையத்தில் அழுத்துவதை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார்.

ஹப்பை வெளியே தள்ளியதும் உள் வளையத்தில் பாதி ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அதைத் தனியாக இழுத்து எடுத்தார். துடைத்து வெயிலில் பிடித்தேன். பந்து ஓடும் பாதை கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு இடத்தில் மட்டும் எள்ளு அளவில் மூன்று நான்கு செதில் பெயர்ந்து சாம்பல் நிறத்தில். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது. இவ்வளவுதானா, இதற்கா அந்தச் சத்தம் என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். உள் பக்கத்து கிரீஸ் தேன் நிறத்தில் இருக்கிறது. வெளிப் பக்கத்து கிரீஸ் மட்டும் மோரில் கரைத்த மாதிரி வெளுத்துப் போயிருந்தது.

லேத் பட்டறை (சூலூர்):

வெளுத்திருந்தால் தண்ணீர். ஐப்பசி மழையில் எங்காவது தண்ணீருக்குள் வண்டியை இறக்கினீர்களா?

வாய்க்கால்மேடு (கோபி):

ஆமாங்க. குன்னத்தூர் பக்கம் ஒரு தரைப்பாலம், பள்ளத்தில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு டெம்போ போனதால் நானும் இறக்கிவிட்டேன். நடுவில் டெம்போ நின்றுவிட, பத்து நிமிஷம் தண்ணீருக்குள்ளேயே நின்றேன்.

லேத் பட்டறை (சூலூர்):

அதுதான். பேரிங் சீல் தெறிக்கிற தண்ணீரைத் தடுக்கும், மூழ்கி நிற்பதற்குச் செய்யப்பட்டதில்லை. ஓடிச் சூடான ஹப் தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், அப்போது சீல் ஓரத்தில் இருக்கும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் துரு, துருவிலிருந்து செதில். நீரில் மூழ்கிய மோட்டாரைக் காயவைத்து பேரிங்கை மாற்றாமல் ஓட்டினாலும் இதே கதைதான். வலது சக்கரமும் அதே தண்ணீரில்தான் நின்றது. இப்போது நல்லதாக இருக்கிறது, மாற்றாதது சரி. மாதம் ஒரு தடவை அந்த ஸ்பிரிங்கை மட்டும் பிடித்துப் பாருங்கள்.

மஞ்சக்காட்டு அம்மணி (ஈரோடு):

சத்தம் முழுக்கப் போய்விட்டதா அண்ணா? அக்காவை இடது பக்கம் உட்கார வைத்துப் பார்த்தீர்களா?

வாய்க்கால்மேடு (கோபி):

நேற்று சாயங்காலம் பெருமாநல்லூர் வரை போய் வந்தோம். 80-ல் போகும்போது அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஊன்றி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. குன்னத்தூர் போர்டு தெரிந்த பிறகுதான் “இல்லீங்க, போயிருச்சு” என்றாள்.

ஆழியாறு (பொள்ளாச்சி):

சந்தோஷமுங்க. சக்கரம் கழற்றி மாட்டியிருக்கிறது, 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை ஒரு தடவை டைட் பார்த்துவிடுங்கள்.